பன்றித் தீனியும் ஈரலின் தொழிலும்

கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியிற் பன்றியைக் குறித்து ஒரு கட்டுரையோ என்று நம் நண்பர் சிலர் நகைத்தலுங் கூடும். யானையையும் மயிலையும் பாராட்டிய அளவிற்குப் புலவர் பெருமக்கள் இவ்விலங்கைப் பாராட்டினாரல்லர். விவிலியத்திலோ, தந்தையைப் பிரிந்துபோய்ப் பொருளெல்லாம் அழித்த இளைய மைந்தன் இறுதியில் எய்திய இழிநிலையைக் காட்டுதற்கே பன்றிக் கூட்டம் வருகின்றது. அவ்வுவமைக்கண் பன்றிகள் உண்ட பொருளைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தவிடு என வைத்தனர். கிரேக்க மூலத்தில் நிற்குஞ் சொல்லோ காரோப் என்னும் மரத்தின் நெற்றைக் குறிப்பதாகும். நெல்லின் தவிட்டிற் புரதம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்களவு உண்டு. காரோப் நெற்றில் அதிற் பாதியும் இல்லை. ஆகவே மூலத்திற் பெற்றதினும் நல்லுணவை அப்பன்றிகள் தமிழிற் பெற்றன என்று நாம் விளையாட்டாகக் கூறலாம். ஆயினும் அவ்விளையாட்டினுள்ளே மெய்யான வினா ஒன்று மறைந்து கிடக்கின்றது. புரதம் மிகுந்த தீனியே நற்றீனி என்று கொள்ளுதல் பொருந்துமோ? இவ்வினாவை ஆராய்தலே ஈண்டு எமது கருத்து.

புரதம் என்பது ஒரு பொருளன்று. பல பொருள்களின் கோவையாம். அமினோ அமிலங்கள் எனப்படும் இருபது வகைச் சிறு பொருள்கள் பல்வேறு வரிசையிற் கோக்கப்பட்டு, தசையாகவும், குருதியின் கூறாகவும், நொதிகளாகவும் அமைகின்றன. தீனிப் பொருளொன்றிற் புரதம் எவ்வளவு உண்டெனக் காண்போர் அதன்கண் உள்ள நைட்ரஜனை அளந்து, வந்த தொகையை 6.25 ஆற் பெருக்குவர். புரதத்தில் நைட்ரஜன் நூற்றுக்கு 16 பங்கு எனக் கொண்டமையே இக்கணக்கிற்குக் காரணம். இம்முறை எளிது, இன்றளவும் வழங்குவது. எனினும் இஃது ஒரு நூலின் சிறப்பை அதன் தாள்களை நிறுத்துக் காண்பதனை ஒக்கும் என்பது எமது துணிபு.

நிறுவை மட்டும் போதாது என்பதனை முதலில் விளக்கியது மக்காச்சோளத்தினின்று எடுத்த ஸெயின் என்னும் புரதமே. 1906-ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் என்பாரும் வில்காக் என்னும் அம்மையாரும் ஸெயின் ஒன்றையே புரதமாகக் கொடுத்துச் சுண்டெலிகளை வளர்த்துப் பார்த்தனர். அவை விரைவில் மாண்டன. டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தபோது அவை நெடுநாள் உயிர் தரித்தன, வளர்ந்தில. 1914-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஆஸ்பர்ன், மெண்டல் என்னும் இருவர் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டு சென்றனர். ஸெயினோடு டிரிப்டோபேன் பெற்ற எலிகள் தம் நிறையைக் காத்துக்கொண்டன; லைஸின் என்பதையும் உடன் பெற்றவை வளர்ந்தன. பின்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஸ் என்பார் தூய அமினோ அமிலங்களையே கலந்து ஊட்டிப் பார்த்து, அக்கலவை எலிகளை வளர்க்கப் போதாமை கண்டு, விடுபட்டது யாதெனத் தேடி, 1935-ஆம் ஆண்டில் திரியோனின் என்பதனைக் கண்டறிந்தார். உடல் தானே சமைத்துக்கொள்ள மாட்டாதவை சில, தானே சமைத்துக்கொள்பவை சில என்னும் பாகுபாடு இவ்வாறு நிலைபெற்றது.

இதனை ஓர் உவமையால் விளக்குவாம். ஈய எழுத்துக்களைக் கையாற் கோத்து அச்சிட்ட காலத்தில், அச்சுக்கோப்பவர் முன் அறைகள் வகுத்த எழுத்துப்பெட்டி ஒன்று இருக்கும். நூறு பக்கங்கள் கோத்தற்குரிய ஈயம் பெட்டியில் நிறைந்திருப்பினும், ழகரம் தீர்ந்துவிட்டதாயின் அவர் கை நின்றுவிடும். தமிழ் என்னும் பெயரையே கோக்க இயலாது. எஞ்சிய ககரமும் தகரமும் எத்துணைக் குவிந்து கிடப்பினும் பயனில்லை. பன்றியின் உடலும் அத்தகையதே. தானியத் தீனி உண்ணும் பன்றிக்கு முதலிற் குறையும் எழுத்து லைஸின். அதனை நிரப்பினால் அடுத்துத் திரியோனின், மெத்தியோனின், டிரிப்டோபேன் ஆகியவை குறையும். அவற்றையும் நிரப்பினால் வேலினும் ஐஸோலியூஸினும் குறையும்.

ஈண்டு உவமை ஓரிடத்தில் வேறுபடுகின்றது. அச்சுக்கூடத்தில் எஞ்சிய எழுத்து நாளைக்குப் பயன்படும். உடலிலோ கொழுப்பைச் சேமிப்பது போல அமினோ அமிலத்தைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் இல்லை. இன்று கோக்கப்படாத எழுத்து இன்றே உருக்கப்படும். அவ்வுருக்குலையே கல்லீரல்.

குடலில் உறிஞ்சப்பட்ட அமினோ அமிலங்களிற் குடல் தன் செலவிற்கெனக் கொள்வது போக எஞ்சியவை நேரே பெருநாளத்தின் வழியாக ஈரலைச் சேர்கின்றன. குடல் கொள்ளும் பங்கும் சிறிதன்று. பாலுண்ணும் பன்றிக் குட்டிகளில், உணவின்கண் உள்ள இன்றியமையா அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடற் பகுதியிலேயே செலவாவதாகக் கண்டனர். சளியைச் சமைத்தற்குத் திரியோனின் மிகுதியும் வேண்டப்படுதலின் அதன் செலவு இன்னும் பெரிது. எஞ்சியவற்றுட் சிலவற்றை ஈரல் தன் புரதங்களுக்கும் குருதிப் புரதங்களுக்கும் எடுத்துக்கொள்கின்றது, சிலவற்றைத் தசைக்குப் போகவிடுகின்றது, மிகையானவற்றைச் சிதைக்கின்றது. சிதைக்குங்கால் கரியும் நைட்ரஜனும் பிரிகின்றன. கரிப்பகுதி சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாறும்; அன்றி எரிந்து ஆற்றல் தரும். நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிப்படுமாயின் மூளைக்கு நஞ்சாம். ஆதலின் ஈரல் அதனைத் தீங்கற்ற யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்திற்கு அனுப்புகின்றது.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதனை 1932-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டின் பிரைபர்க் நகரிற் கிரெப்ஸ் என்னும் மருத்துவர் ஹென்ஸலைட் என்னும் மாணவரோடு கூடிக் கண்டறிந்தார். எலியின் ஈரலை மெல்லிய துண்டுகளாக அரிந்து, அம்மோனியா கலந்த நீரில் இட்டு, ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பார்த்தனர். ஆர்னிதின் என்பதனைச் சிறிதளவு சேர்த்தபோது யூரியா மிகுதியும் உண்டாயிற்று. சேர்த்த ஆர்னிதினோ குறைந்திலது. ஓர் ஏற்றச்சால் நீரைக் கொணர்ந்து கொட்டிவிட்டு மீண்டும் கிணற்றுள் இறங்குதல் போல, ஆர்னிதின் நைட்ரஜனைச் சுமந்து சென்று யூரியாவாக இறக்கிவிட்டு மீண்டும் தன் நிலை அடைகின்றது என அவர் உணர்ந்தார். உயிர்ப்பொருளின்கண் இவ்வாறு சுழலும் வட்டம் ஒன்றுண்டு என்பது வெளிப்பட்டது அப்பொழுதே. அடுத்த ஆண்டில் யூதர் என்னும் காரணத்தாற் பதவி இழந்த கிரெப்ஸைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்து இடந்தந்தவர், மேலே ஸெயின் ஆராய்ச்சியிற் கூறிய ஹாப்கின்ஸே ஆவார். அமினோ அமிலத்தின் தேவையைக் காட்டியவரும், அதன் மிகை சென்று சேரும் வழியைக் காட்டியவரும் இவ்வாறு ஒரு கூரையின்கீழ்ச் சந்தித்தனர்.

யூரியா இலவசமாக உண்டாவதன்று. ஒவ்வொரு யூரியா மூலக்கூற்றிற்கும் ஆற்றல் மிக்க பாஸ்பேட் இணைப்புக்கள் நான்கு செலவாகின்றன. மேலும், புரதம் மிகுந்த உணவு தொடர்ந்து வருமாயின் ஈரல் அவ்வட்டத்தின் நொதிகளை மிகுத்துக்கொள்ளும், குறையுமாயின் குறைத்துக்கொள்ளும். 1962-ஆம் ஆண்டில் ஷிம்கே என்பார் இதனை எலிகளில் அளந்து காட்டினார். வேலை மிகுந்த காலத்தில் ஆட்களை ஏற்றியும், குறைந்த காலத்தில் இறக்கியும் நடத்தும் பட்டறையை இது நினைப்பிக்கின்றது.

இனி நம் வினாவிற்கு மீள்வோம். தீனியிற் புரதத்தைக் குறைத்து, குறைந்த எழுத்துக்களை மட்டும் தனியே சேர்த்தால் யாது நிகழும்? இதனைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 1,000 கிலோ தீனியில் 716 கிலோ மக்காச்சோளமும் 254 கிலோ சோயாப் பிண்ணாக்கும் இருப்பதாகவும், எஞ்சிய 30 கிலோ உப்பு முதலியன என்றும் கொள்வோம். மக்காச்சோளத்திற் புரதம் நூற்றுக்கு 8.2, லைஸின் 0.25, பிண்ணாக்கிற் புரதம் 47.7, லைஸின் 2.96 என வைத்துப் பெருக்கினால், அத்தீனியிற் புரதம் நூற்றுக்கு 18 ஆகும், லைஸின் 9.3 கிலோ இருக்கும். இப்பொழுது பிண்ணாக்கில் 101 கிலோவைக் குறைத்து அவ்வளவு மக்காச்சோளத்தைக் கூட்டுவோமாயின், புரதம் நூற்றுக்கு 14 ஆக இறங்கும், லைஸின் 6.6 கிலோ ஆகும். குறைவு 2.7 கிலோ. கடையில் விற்கும் லைஸின் உப்பில் நூற்றுக்கு 78 பங்கே லைஸின் ஆதலால், 3.5 கிலோ உப்பு இட்டால் அக்குறை நீங்கும். திரியோனின், மெத்தியோனின், டிரிப்டோபேன் ஆகியவற்றிற்கும் இவ்வாறே சிறு சிறு அளவு இடுதல் வேண்டும். நூறு கிலோ பிண்ணாக்கின் வேலையைச் சில கிலோ தூள் செய்கின்றது என்பது முதலிற் கேட்பார்க்கு வியப்பாம்.

பன்றிக்கு இதனால் விளைவது யாது? நாளொன்றிற்கு 2 கிலோ தீனி உண்டு, 150 கிராம் புரதம் உடலிற் சேர்க்கும் வளர்பன்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதற் றீனியில் அது 360 கிராம் புரதம், அஃதாவது 57.6 கிராம் நைட்ரஜன் உண்ணுகின்றது. 24 கிராம் உடலில் நிற்க 33.6 கிராம் வெளியேறும். இரண்டாவது தீனியில் 44.8 கிராம் உண்டு, அதே 24 கிராமை நிறுத்திக்கொள்ளுமாயின் வெளியேறுவது 20.8 கிராமே. ஏறத்தாழ 13 கிராம் குறைகின்றது. இக்குறைவிற் பெரும்பகுதி சிறுநீர் வழியே போவதாதலின், அதனை 11 கிராம் எனக் கொண்டால், நாள்தோறும் 24 கிராம் யூரியா சமைக்கும் வேலையினின்று ஈரல் விடுபடுகின்றது. புரதத்தை நூற்றுக்கு ஒரு பங்கு குறைக்குந்தோறும் வெளியேறும் நைட்ரஜன் நூற்றுக்கு எட்டுப் பங்களவு குறையும் என்பது நூலோர் பொதுவாகக் கூறுங் கணக்கு. நம் கணக்கும் அதனை அடுத்தே வருகின்றது. குருதியில் யூரியாவின் அளவு தாழ்வதைக் கொண்டே எழுத்துக்கள் பொருந்தினவா என அறிதலும் ஆய்வாளர் வழக்கம்.

ஆனால் இவையெல்லாம் ‘அதே 24 கிராமை நிறுத்திக்கொள்ளுமாயின்’ என்னும் சொற்றொடரைப் பற்றியே நிற்கின்றன. அது நிகழ்தற்கு அமினோ அமிலங்கள் ஒன்றற்கொன்று உரிய விகிதத்தில் இருத்தல் வேண்டும். இல்லினாயில் மிட்செல் முதலியோர் வளர்த்த இக்கருத்து, 1981-ஆம் ஆண்டில் பிரிட்டானிய விவசாய ஆராய்ச்சிக் கழகம் பன்றிகளுக்கென வெளியிட்ட நூலில் ‘இலட்சியப் புரதம்’ என்னும் பெயரால் இடம்பெற்றது. லைஸினை நூறு எனக் கொண்டு ஏனையவற்றைக் கூறுவர். வளரும் பன்றிக்குத் திரியோனின் 60 முதல் 65, மெத்தியோனினும் சிஸ்டீனும் கூடி 60-ஐ அடுத்து, டிரிப்டோபேன் 17 அல்லது 18, வேலின் 65 முதல் 68, லியூஸின் 100 என்பன அவ்வளவுகள். லைஸினை அளவுகோலாக்கியமைக்கு நல்ல காரணம் உண்டு. அது பெரும்பாலும் உடற்புரதம் ஆதற்கே பயன்படுவது; தன் நைட்ரஜனைப் பிறவற்றோடு மாற்றிக்கொள்ளாதது; ஒருமுறை ஈரலிற் சிதைந்தால் மீட்கவொண்ணாதது.

விகிதம் பிழைத்தால் வரும் இடர்களுள் லியூஸினைப் பற்றியது சுவையுடையது. லியூஸின், வேலின், ஐஸோலியூஸின் மூன்றும் ஒரு குடும்பத்தன. ஏனைய அமிலங்களை ஈரல் முதலிலேயே சிதைக்க வல்லது. இம்மூன்றன் முதற்படிக்குரிய நொதி ஈரலில் மிகக் குறைவு. ஆகவே இவை ஈரலைக் கடந்து தசைக்குச் செல்கின்றன. அங்கே அமினோப் பகுதியை இழந்து, எஞ்சிய கீட்டோ அமிலம் ஈரலுக்குத் திரும்பி வந்து எரிகின்றது. லியூஸின் மிகுமாயின் அதன் கீட்டோ அமிலம் அவ்வெரிக்கும் நொதியை முடுக்கிவிடும். முடுக்கப்பட்ட நொதி லியூஸினை மட்டும் தேர்ந்து எரிப்பதன்று. உடன்பிறந்த இரண்டையும் சேர்த்தே எரிக்கும். மூத்தவன் செய்த மிகைக்கு இளையோர் இருவரும் இழப்பெய்துகின்றனர். மக்காச்சோளத்தில் லியூஸின் மிகுதி. அதன் பங்கு கூடும் குறைபுரதத் தீனியில் வேலினோ குறைவு. லைஸின் முதலிய நான்கையும் சரியாக இட்டும் பன்றி தீனியை வெறுத்து ஒதுக்குமாயின், வேலினை நோக்குக என்று இக்காலத்தார் கூறுவது இதனாலேயே.

எழுத்தொன்று குறைந்தமையை உயிரணு எவ்வாறு உணர்கின்றது? ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் கோக்குமிடத்திற்குச் சுமந்து செல்லும் சிறு ஊர்தி ஒன்று உண்டு. ஊர்தி வெறுமையாய்த் திரியுமாயின், ஜி.சி.என். 2 என்னும் நொதி அதனைப் பற்றிக்கொண்டு, புரதம் கோக்கும் தொழிலையே பொதுவாகத் தாழ்த்துகின்றது. ஈரலில் இதற்கு மற்றொரு பயனும் உண்டு. 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், லியூஸின் இல்லாத உணவு பெற்ற இயல்பான சுண்டெலிகளின் ஈரல் கொழுப்புச் சமைப்பதை அடக்கிக்கொண்டது. அந்நொதி இல்லாத சுண்டெலிகளின் ஈரலிலோ கொழுப்பு நிறைந்தது. புரதம் குறைந்தால் எப்.ஜி.எப். 21 என்னும் தூதுப்பொருளை ஈரல் குருதியில் விடுகின்றது என்பதும் 2014-ஆம் ஆண்டிற் காட்டப்பட்டது. ஈரலை வெறும் உருக்குலை என்று மேலே கூறினோம். அக்கூற்றை இங்கே திருத்திக்கொள்கின்றோம். அது கணக்கனும் ஆகும்.

புரதக் குறையால் ஈரலிற் கொழுப்பு நிறைதல் மனிதர்க்கும் அயலானதன்று. 1933-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டில், மக்காச்சோளக் கூழே உணவாகப் பெற்ற குழந்தைகளிடம் வீக்கமும் பருத்த ஈரலும் கண்டு ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் எழுதினார். அந்நாட்டார் அந்நோய்க்கு இட்டிருந்த குவாஷியோர்க்கர் என்னும் பெயரையே அவர் 1935-இல் உலகிற்கு அறிவித்தார். அந்நோயின் காரணம் ஒன்றே என்று முடிவுகட்டல் இயலாதாயினும், கொழுப்பை ஈரலினின்று ஏற்றிச் செல்லும் புரதத்தை ஈரல் சமைக்க மாட்டாமையால் அது தேங்குகின்றது என்பது தெளிவு. ஆதலால், குறைபுரதத் தீனி என்று நாம் கூறுவது பட்டினித் தீனியன்று.

பன்றி கொழுத்துவிடும் என்னும் குறை நெடுங்காலம் இத்தீனிக்குக் கூறப்பட்டது. அக்குறை மெய்யே, காரணமோ தீனியிலன்று, அதனைக் கணக்கிட்டவர் கையில் இருந்தது. உண்ட உணவின் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகப் போகும். புரதத்தின் ஆற்றலில் நூற்றுக்கு அறுபதளவே உடலுக்குப் பயன்படும். மாவுப்பொருளில் எண்பதுக்கு மேற்படும். யூரியாவிற்காக ஈரல் செலவிடுவதும் அவ்விழப்பில் அடங்கும். புரதத்தைக் குறைத்து மாவைக் கூட்டியவர், பழைய அளவுகோலால் இரு தீனிகளின் ஆற்றலும் சமம் என நினைத்தனர். உண்மையிற் புதிய தீனி மிகுந்த ஆற்றலைப் பன்றிக்குத் தந்தது. மிஞ்சியது கொழுப்பாயிற்று. 1994-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் நோப்ளே என்பாரும் அவர் துணைவரும் நிகர ஆற்றலைக் கணிக்கும் சமன்பாடுகளை வெளியிட்ட பின்னர் இப்பிழை எளிதில் விலக்கத்தக்கதாயிற்று.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். தூளாக இட்ட லைஸின் உடனே உறிஞ்சப்படும். பிண்ணாக்கிற் கட்டுண்ட அமிலங்கள் செரித்து வரச் சற்றே தாழ்க்கும். ஆஸ்திரேலியாவிற் பாட்டர்ஹாம் என்பார் 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாளுக்கு ஒரு வேளை மட்டும் தீனி பெற்ற பன்றிகள் தூள் லைஸினைச் செவ்வையாகப் பயன்படுத்தவில்லை. அதனையே பல வேளையாகப் பகிர்ந்து பெற்றவை நன்கு பயன்படுத்தின. ழகரம் காலையில் வந்து உருக்கப்பட்டுவிட, தகரமும் மகரமும் மாலையில் வந்தால் அச்சு நிறைவேறுவது எங்ஙனம்?

இத்தனையுஞ் செய்தும் புரதத்தை விரும்பிய மட்டும் தாழ்த்த இயலாது. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கிற்கு மேற் குறைத்தால் வளர்ச்சி தளர்வதைப் பலரும் கண்டுள்ளனர். உடல் தானே சமைத்துக்கொள்ளும் அமிலங்களுக்கும் நைட்ரஜன் வேண்டுமன்றோ? அது போதாதபோது விலையுயர்ந்த இன்றியமையா அமிலங்களையே சிதைத்து ஈரல் அதனைப் பெறுகின்றது. பொன்னை விற்றுப் புளி வாங்கும் செயல் இது.

இவ்வாராய்ச்சி பண்ணையின் வேலிக்குள் அடங்கிவிடவில்லை. பன்றியின் ஈரல் அரிதின் முயன்று தீங்கற்றதாக்கிய யூரியாவை, தொழுவத்தின் சாணத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மீண்டும் அம்மோனியாவாகப் பிளந்துவிடுகின்றன. அது காற்றிற் கலந்து, தொலைவிலுள்ள நிலங்களிற் படிகின்றது. நெதர்லாந்து நாட்டில் விலங்குகள் நெருங்கிய பண்ணைகளின் எருவைக் கட்டுப்படுத்த 1984-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டின் மேனிலை மன்றம், காப்பிடமாக ஒதுக்கப்பட்ட இயற்கை நிலங்களில் நைட்ரஜன் படிவதைக் காரணமாகக் கொண்டு, அனுமதி வழங்கும் முறையையே செல்லாதெனத் தீர்த்தது. உழவர்கள் டிராக்டர்களோடு சாலைகளை மறித்தனர். சீன நாட்டிற்கோ கவலை வேறு. கடல் கடந்து வரும் சோயாவை நம்பியிருத்தல் தகாதெனக் கருதி, தீனியிற் பிண்ணாக்கின் பங்கை 2025-க்குள் நூற்றுக்கு 13-க்குக் கீழ் இறக்குவதென 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் திட்டம் வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ச்சிக்கென நுண்ணுயிர்க்கொல்லி கலப்பது 2006-இலும், பால் மறந்த குட்டிகளின் கழிச்சலைத் தடுக்க மருந்தளவில் துத்தநாக ஆக்ஸைடு கலப்பது 2022-இலும் நிறுத்தப்பட்டன. செரியாத புரதம் பெருங்குடலிற் புளித்தலும் அக்கழிச்சலுக்கு ஒரு காரணமாகலின், மருந்தின்றிக் குட்டிகளைக் காக்க விரும்பும் பண்ணையார் முதலிற் குறைப்பது பிண்ணாக்கையே. குறைத்த அன்றே லைஸின் மூட்டையையும் திறந்து வைக்கின்றனர்.